கோடு அறுந்த இடங்கள்

கொரோனா ஓய்ந்து, கோயமுத்தூர் கம்பெனிகள் ஆட்களை மறுபடி ஆபீசுக்குக் கூப்பிட ஆரம்பித்திருந்த நேரம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் என் கணவர் வீடு. அந்த வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்துதான் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே நடந்ததை ஓரிருவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்கள். அதன் பிறகு யாரிடமும் சொல்வதில்லை. எழுதினால் ஒருவேளை யாருக்காவது புரியலாம்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஆஸ்பத்திரி, துணிக்கடை, மில் என்று பல இடங்களின் நெட்வொர்க் ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிக்கும் பிரிவில் நான் இருந்தேன். எங்கள் மென்பொருள் நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே இருக்கிற ஒவ்வொரு கருவியையும் 'இருக்கிறாயா' என்று கேட்கும். பதில் எவ்வளவு வேகமாக வந்தது என்பதை ஒரு புள்ளியாக வைக்கும். புள்ளிகள் சேர்ந்து கோடாகும். பதில் வராத நேரத்தில் கோடு அறுந்து, அந்த இடம் வெள்ளையாகக் கிடக்கும். அதைத்தான் கிராஃப் என்கிறோம். ஒரு நாள் கோட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெரியும். ஒரு துணிக்கடையில் தினமும் காலையில் மட்டும் நெட் மந்தமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை திறந்ததும் எல்லா கேமராவும் ஒரே சமயத்தில் பதிவுகளை அனுப்புகின்றன என்பது ஒரு மாதக் கோட்டைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோடு பொய் சொல்லாது, கோபப்படாது, யாருக்கும் பரிந்து பேசாது.

பெண் பார்க்க வந்தபோதே, வேலையை விடமாட்டேன் என்று அப்பா மூலம் சொல்லியிருந்தேன். "தாராளமாப் பாக்கட்டுங்க. எனக்கும் வேலைக்குப் போற புள்ளதான் வேணும்" என்றார் அவர். என் கணவர் டிகிரி முடித்தவர், தோப்பையும் கொப்பரை வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டிப் பேச மாட்டார், குடிப்பழக்கம் கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து தென்னைக்குத் தென்னை கட்டி இன்டர்நெட் ஒயரை வீடுவரை இழுக்க வைத்தவரும் அவர்தான். சாயங்காலம் டீ போட்டு மாடிக்கே எடுத்து வந்து, நான் பேசி முடிக்கும்வரை கதவருகே காத்து நிற்பார். எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒருத்தர் அமையவில்லை என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமியாருக்கு என் வேலை பிடிக்கவில்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. "காலைல மேல ஏறுனா பொழுது சாயத்தான் கீழ எறங்கறே. ஊட்டுல மருமக இருக்கறாளா இல்லியான்னே தெரியறதில்ல கண்ணு" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விடுவேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் எங்கள் மேனேஜர் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். ஒரு ஆஸ்பத்திரிக் குழுமம் எங்களுக்குப் புது வாடிக்கையாளராக வந்திருந்தது. வாரம் சில தடவை அவர்களோடு மீட்டிங்கில் உட்கார்ந்து, அவர்களுடைய கிராஃபைக் காட்டி விளக்க வேண்டும். அடுத்த சில மாதங்கள் இதை ஒழுங்காகச் செய்தால் என்னை டீம் லீடாக ஆக்குவதாகச் சொன்னார். லீடாகிவிட்டால் வாரத்தில் பாதி நாள் கோயமுத்தூர் சரவணம்பட்டி ஆபீசுக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "நல்லதுதான அம்மணி. காலைல நானே கொண்டுவந்து பஸ் ஏத்தி உட்டுர்றேன்" என்றார். மறுநாள் உடுமலையிலிருந்து இனிப்பு வாங்கி வந்தார். மாமியார் அதைத் தொடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் இன்டர்நெட் போக ஆரம்பித்தது.

முதல் தடவை போனபோது நான் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவில் எதிரே இருந்த முகங்கள் அப்படியே உறைந்து நின்றன. கீழே ஓடினேன். இன்டர்நெட் பாக்ஸ் ஹாலில் டிவிக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தது. அதில் ஒவ்வொரு விளக்காக மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் சொம்பும் கையுமாக அதைப் பார்த்தபடி நின்றிருந்தார். "போச்சா அம்மணி? தண்ணி குடிக்க வந்தேன், பாத்தா செவப்பு லைட்டு எரியுது" என்றார். மறுபடி வேலை செய்ய ஐந்தாறு நிமிடமாயிற்று. அதற்குள் மீட்டிங்கை வேறொருவர் முடித்துவிட்டார்.

எல்லோருக்கும் நடப்பதுதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதே வாரத்தில் மறுபடி போனது, அடுத்த வாரமும் போனது. பெரும்பாலும் நான் முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் போகும். தோப்புக்குள் செல்போன் சிக்னல் சரியாக எடுக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் பேச முடியும். உச்சி வெயிலில் அங்கே நின்று மேனேஜரிடம் "சாரி சார், லைன் போயிருச்சு" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். முதலில் அனுசரணையாகத்தான் பேசினார். பிறகு ஒருநாள், "நெட்வொர்க் பாக்கற ஆள் வீட்லயே நெட்வொர்க் இல்லேன்னா கஸ்டமர் என்னம்மா நினைப்பாங்க" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது என் கணவர்தான். நான் அழுதால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பார். என் முன்னாலேயே, இன்டர்நெட் லைன் கொடுத்த கேபிள்காரருக்குப் போன் போட்டு, "ஏப்பா, உன்ற லைன நம்பித்தான எங்கூட்ல வேலை பாக்கறாங்க. இப்புடி நேரங்கெட்ட நேரத்துல புடுங்குனா என்னப்பா பண்றது?" என்று கடிந்துகொள்வார். அவர் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எனக்காகப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

கேபிள்காரர் பக்கத்து ஊர்தான். எங்கள் வயதுதான் இருக்கும், என்னை அக்கா என்று கூப்பிடுவார். கூப்பிட்டபோதெல்லாம் சலிக்காமல் வந்தார். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "சிக்னல் நல்லாத்தான் வருதுங்க அக்கா. லைன்ல ஒரு குத்தமும் இல்லீங்க" என்பார். நான் நம்பவில்லை. இருக்கட்டும் என்று ஒயரை மாற்றினார், பிறகு பாக்ஸையும் மாற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று என் கணவரோடு நெடுநேரம் பேசிவிட்டுப் போவார். ஆண்கள் பேசிக்கொள்வதுதானே என்று நான் கவனிக்கவில்லை.

"மோட்டார் போட்டா வோல்டேஜ் எறங்குதல்ல, அதுல பாக்ஸ் ஆஃப் ஆயிருது போல" என்று ஒருநாள் என் கணவரே யோசனை சொன்னார். சரியாகத்தான் பட்டது. தோப்பு மோட்டார் ஓட ஆரம்பித்தால் வீட்டு விளக்கு மங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். உடனே அந்த பாக்ஸுக்கென்றே ஒரு சின்ன பேட்டரி வாங்கி வைத்தேன். கரண்டே போனாலும் சில மணி நேரம் தாங்கும். இனிமேல் பிரச்சினை இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டே நாளில் மறுபடி போனது. அதுவும் மோட்டார் ஓடாத நேரத்தில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் இருக்கிறவர்களின் நெட்வொர்க்கையெல்லாம் கிராஃப் போட்டுப் பார்க்கிற நான், என் வீட்டு லைனுக்கு ஒன்று போடவில்லை. பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது. அதில் எங்கள் வேலையில் பயன்படுத்துவது மாதிரியே ஒரு இலவச மென்பொருளை ஏற்றி, மாடி மேஜைக்கு அடியில் வைத்தேன். இரண்டு கோடுகள். ஒன்று ஹாலில் இருக்கும் பாக்ஸை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். இன்னொன்று வெளியே தூரத்தில் இருக்கும் ஒரு சர்வரைக் கேட்கும். தோப்பில் எங்காவது ஒயர் அறுந்தால் பாக்ஸ் பதில் சொல்லும், சர்வர் சொல்லாது. அதாவது இரண்டாவது கோடு மட்டும் அறும். பாக்ஸே நின்றுபோனால் இரண்டு கோடும் ஒரே இடத்தில் அறும்.

இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, என் வேலைச் சமாச்சாரங்களை நான் கீழே பேசுவதே இல்லை.

ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தேன். அறுந்த ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கோடும் சேர்ந்தே அறுந்திருந்தன. ஒயரில் குற்றமில்லை. கேபிள்காரர் சொன்னது சரி. நின்றுபோனது பாக்ஸ்தான். பேட்டரி இருக்கும்போது கரண்ட் போய் அது நிற்க வாய்ப்பில்லை. பாக்ஸும் புதியது. அதன் பின்பக்கத்தில் ஒரு சின்ன பட்டன் உண்டு. அதை யாராவது அமுக்கினால்தான் அது நிற்கும்.

மேஜை முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் தோன்றிய முகம் மாமியாருடையது. வேறு யாரை நினைக்க? என் வேலை பிடிக்கவில்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். கீழே இறங்கிப் போனபோது அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கே கேட்டிருப்பேன். ஆனால் என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம், ஒரு வாரக் கோட்டை வைத்து யார் மேலும் பழி போடக் கூடாது. காத்திருந்தேன்.

தை மாதம் மாமியார் பொள்ளாச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் போலத் தங்கினார். அந்தப் பத்து நாளிலும் கோடு அறுந்தது. முன்னைவிட அதிகமாகவே அறுந்தது.

அவர் திரும்பி வந்த பிறகு, என் கணவர் கொப்பரை லோடோடு காங்கேயம் போய் மூன்று நாள் அங்கேயே இருந்தார். அந்த மூன்று நாளும் கோடு ஒரு இடத்தில்கூட அறவில்லை. அதில் ஒரு நாள் ஆஸ்பத்திரி மீட்டிங்கில் அருமையாகப் பேசினேன். மேனேஜர் பாராட்டி இரண்டு வரி அனுப்பினார். அதைப் படித்து என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ஒவ்வொரு வாரத்துக் கோட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கிப் பார்த்தேன். வாடிக்கையாளர் ஒருவருடைய கிராஃபாக இருந்திருந்தால் காரணத்தை உடனே எழுதியிருப்பேன். இது என் வீடு. அதனால், தற்செயலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் இட்லி சாப்பிடும்போது அன்றைக்கு எத்தனை மணிக்கு மீட்டிங் என்று அவரிடம் சொல்வது என் வழக்கம். அந்த நேரத்தில் டிவி சத்தம் வேண்டாம் என்பதற்காகச் சொல்ல ஆரம்பித்தது. அவரும் தினமும் கேட்பார். அடுத்த வாரம் ஒருநாள் அவர் கேட்டபோது, "இன்னைக்கு மூணு மணிக்குங்க. பெரிய மீட்டிங். இதுல சொதப்புனா லீட் போஸ்ட் இல்லைன்னுட்டாங்க" என்றேன். உண்மையில் அன்று எனக்கு எந்த மீட்டிங்கும் கிடையாது. அவர் என் தட்டில் இன்னொரு இட்லியை வைத்து, "பயப்படாதே அம்மணி, நல்லபடியா நடக்கும்" என்றார்.

மூன்று மணிக்கு முன்பே மாடியில் கோடுகளைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. அறக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நான் சந்தேகப்பட்டது தப்பாகப் போகட்டும், அவர் காலில் விழக்கூடத் தயார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று தாண்டியது. புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மணி மூன்றேகாலை நெருங்கும்போது இரண்டு கோடும் ஒன்றாக அறுந்தன.

ஓடவில்லை. மெதுவாகத்தான் படியிறங்கினேன். அவர் பாக்ஸுக்கு எதிரே நின்றிருந்தார். நான் வந்த சத்தம் கேட்டுத் திரும்பி, எப்போதும் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, "மறுக்காவும் போயிருச்சா அம்மணி?" என்று கேட்டார்.

"இன்னைக்கு மீட்டிங்கே இல்லீங்க" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. முகத்தில் இருந்த இரக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனது. நான் கிராஃபைப் பற்றிப் பேசவில்லை, கத்தவும் இல்லை. அவர் பாக்ஸுக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டனை அமுக்கினார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. "இப்ப வந்துரும்" என்றார்.

"ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?"

அவர் சோபாவில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடியே பேசினார். "நீ கோயமுத்தூர் போயி வர ஆரம்பிச்சீன்னா அப்பறம் இங்க நிக்க மாட்டே. அது எனக்குத் தெரியும். வேண்டாம்னு நான் சொன்னா, வாக்குக் குடுத்துட்டு மாத்திட்டான்னு உங்கூட்ல சொல்லுவாங்க. தானாப் போச்சுன்னா யாரு மேலயும் குத்தமில்லையே."

இந்தக் கடைசி வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது. அவருக்கு நான் வேலையை விட வேண்டும், ஆனால் விடச் சொன்ன கெட்ட பெயர் வரக் கூடாது. நான் தோற்று அழுது, அவர் தோளிலேயே வந்து சாய வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேலாக அதுதான் நடந்துகொண்டிருந்தது. அவர் அமுக்கினார், நான் அழுதேன், அவரே கண்ணீரைத் துடைத்தார்.

அடுக்களை வாசலில் மாமியார் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து மகனை ஒரு பார்வை பார்த்தார். "வேண்டாம்னா வேண்டாம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போடணும். இதென்னடா வேலை?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னையத்தான் நெனச்சிருப்பே, இல்ல கண்ணு?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அடுக்களைக்குள் போய்விட்டார். அந்த வீட்டில் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காக என் பக்கம் நின்றார் என்றும் சொல்ல முடியாது. மறுநாளே, "ஆம்பளைக்கு ஒரு பயம் இருக்கத்தான் செய்யும், அதை மனசுல வெச்சுக்காதே" என்று சொல்லிவிட்டார்.

கேபிள்காரரை வீணாகப் பேச்சு கேட்க வைத்துவிட்டோமே என்று மொட்டை மாடியிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். லைனில் பிரச்சினை இல்லை, காரணம் தெரிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு அப்பவே தெரியுங்க. ஒயரு கட்டானா எங்களுக்கு ஒரு மாதிரி காட்டும், பாக்ஸை ஆஃப் பண்ணுனா வேற மாதிரி காட்டுமுங்க. ஆரோ ஆஃப் பண்றாங்கன்னு அண்ணங்கிட்டச் சொன்னேனுங்க. அவரு, 'அக்காகிட்டச் சொல்லாதே, ஊட்டு விசயம், நான் பாத்துக்கறேன்'னாருங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கனெக்சன் அண்ணன் பேர்லங்க அக்கா" என்றார் அவர்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதுதான் ஊர் நியாயம். லைனை நம்பி வேலை பார்த்தது நான், வெயிலில் நின்று மன்னிப்புக் கேட்டது நான். ஆனால் அதில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளும் உரிமை, யார் பேரில் கனெக்ஷன் இருக்கிறதோ அவருக்குத்தான்.

மேனேஜரிடம் இதை எப்படிச் சொல்வது? எங்கள் வேலையில் ஒவ்வொரு துண்டிப்புக்கும் காரணம் கேட்பார்கள். எந்த வாயால் 'என் வீட்டுக்காரர்தான் சார்' என்று சொல்வேன்? "வயரிங் ஃபால்ட், சரி பண்ணியாச்சு சார்" என்றேன். அதைக் கேட்க அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்கெனவே வேறு ஆள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அந்தப் பொறுப்பும், அதோடு லீட் பதவியும் என்னுடைய ஜூனியர் ஒருவருக்குப் போயின. நல்ல பையன். விளக்கம் கேட்டு எனக்கே போன் செய்வான், நானும் சொல்லிக்கொடுத்தேன்.

சில வாரம் அந்த வீட்டிலேயே இருந்து பார்த்தேன். அவர் அதற்குப் பிறகு பட்டனைத் தொடவில்லை, கோடு சுத்தமாக ஓடியது. ஆனால் சாயங்காலம் அவர் டீ கொண்டுவந்து கதவருகே நிற்கும்போது டீயை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவேன். தலை வலிக்கிறதா என்று நெற்றியில் கை வைத்தால் உடம்பு தானாகப் பின்னால் போகும். அவரும் அதைப் பார்த்தார். அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து தோப்புக்குப் போய்விடுவார்.

ஆபீசிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று நானே எழுதிக் கேட்டு, கோயமுத்தூருக்கு வந்துவிட்டேன். முதலில் அம்மா வீட்டுக்குத்தான் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அடிச்சாரா கண்ணு?" என்றார். இல்லை என்றேன். "குடிச்சுட்டு வந்தாரா? வேற பொம்பள கிம்பள?" அதுவும் இல்லை என்றேன். "அப்பறம் என்னடி, ஒரு பொட்டிய ஆஃப் பண்ணுனதுக்கா புருசன விட்டுப்போட்டு வந்திருக்கறே? வெளிய சொன்னாச் சிரிப்பாங்க" என்றார். அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. லேப்டாப்பைத் திறந்து அவர்களிடம் அந்தக் கோடுகளைக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். அங்கங்கே வெள்ளை விழுந்த பச்சைக் கோட்டில் அவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

இப்போது காந்திபுரம் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். விவாகரத்து வாங்கவில்லை. எந்தக் காரணத்தைச் சொல்லி வாங்குவது என்று வக்கீலும் யோசித்தார். என் கணவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். கீழே பார்வையாளர் அறையில் இருவரும் உட்கார்ந்து மழை, தேங்காய் விலை, மாமியாரின் முழங்கால் வலி பற்றிப் பேசுவோம். "எப்ப வாரே?" என்று கேட்பார். "பாக்கலாங்க" என்பேன். கோயமுத்தூர் போனால் நான் திரும்ப மாட்டேன் என்று அவர் பயந்ததுதான் கடைசியில் நடந்தது. அந்தப் பயத்தை மறைக்காமல் அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே சொல்லியிருந்தால், லீட் பதவியை நானே வேண்டாமென்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சண்டையாவது போட்டிருப்போம், அது அவரோடு நான் போட்ட நிஜமான சண்டையாக இருந்திருக்கும்.

வேலை நன்றாகத்தான் போகிறது. போன வருஷம் எனக்கும் லீட் பதவி கொடுத்தார்கள். ஆபீசில் கேக் வெட்டினார்கள். இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று தோழிகள் சொல்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். உடம்பு சரியில்லாத நாளில் பக்கத்து அறைப் பெண் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாலும், நன்றி சொல்வதற்கு முன்பே, இவளுக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று மனம் தேட ஆரம்பித்துவிடுகிறது. அந்த வீட்டில் நான் இழந்ததில் எனக்கு இன்னும் திரும்பக் கிடைக்காதது, ஒருவர் காட்டும் அன்பை அன்பென்றே எடுத்துக்கொள்ளும் சுபாவம்தான்.